அழுகிய படகுத் தளத்தின் மேலேயே புதுப் பலகை போடலாமா?

கேள்வி: எங்கள் 28 அடி ஃபைபர் படகு பழசு. ஐஸ் பெட்டி இருக்கும் இடத்தில் மிதித்தால் தளம் அமுங்குகிறது, விளிம்பில் கறுப்புத் தண்ணீர் கசிகிறது. பழைய தளத்தின் மேலேயே பலகை வைத்து மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டினால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அடியில் ஈரம் இருக்கும்வரை அழுகல் நிற்காது, புதுப் பலகைக்கும் ஏறும். படகின் எடையும் கூடும்.

ஐஸ் பெட்டிக்குக் கீழே முதலில் அழுகக் காரணம் உண்டு. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். உருகும் ஐஸும் மழையும் அதைத்தான் தருகின்றன. பெட்டிக்கு அடித்த ஸ்குரூ ஓட்டை வழியே தண்ணீர் பலகைக்குள் இறங்குகிறது. மேலே எத்தனை மேட் ஒட்டியிருந்தாலும், ஓட்டையின் உட்புறமும் பலகையின் வெட்டு விளிம்பும் வெறும் மரமாக இருந்தால் பயனில்லை.

பழைய தளத்தை வெட்டி எடுக்கும் முன் படகை மட்டமாக நிறுத்தி, அடியில் பல இடங்களில் மணல் மூட்டை கொடுங்கள். தளம் போனதும் பக்கங்கள் விரியும். மூன்று இடங்களில் அகலத்தை அளந்து குறித்து, குறுக்கே சட்டம் போட்டுக் கட்டுங்கள். கட்டர் 15 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. கீழே தளத்தைத் தாங்கும் சட்டங்களும் எரிபொருள் குழாயும் இருக்கும். பக்கச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கிரைண்டரால் தேய்த்து எடுங்கள். ஃபைபர் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம்.

அடுத்து அடிச்சட்டங்கள். பக்கவாட்டில் அடிக்கு ஒன்றாக 4 மி.மீ. துளை போட்டு, வரும் தூளைப் பாருங்கள். வெளுத்து உலர்ந்திருந்தால் நல்ல மரம். கறுத்து, விரலில் ஒட்டினால் அந்தச் சட்டமும் போய்விட்டது. மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் அடிப்பாகத்தின் வடிவமே கெடும். சட்டங்களுக்கு இடையே உள்ள நுரை தண்ணீர் குடித்திருந்தால் அதுவும் வெளியே போக வேண்டும். ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோ. அந்த இடத்தில் தெர்மகோல் வைத்து நேரடியாக ரெசின் (மேட்டை ஒட்டும் பிசின்) பூசிவிடாதீர்கள், ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் அதைக் கரைத்துவிடும்.

பிறகு நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை ஓரம் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் அதன் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

12 அடிக்கு 4 அடி தளம் என்று வைத்தால், 8×4 அளவில் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட் 2, சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் 7 முதல் 8 கிலோ, சதுர மீட்டருக்கு 600 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி) 3 கிலோ, பட்டியும் (ரெசினில் தூள் குழைத்த பசை) சேதாரமும் சேர்த்து ஐசோ ரெசின் 30 கிலோ வேண்டும். சட்டங்களின் இடைவெளி ஒன்றரை அடிக்கு மேல் என்றால் 18 மி.மீ. பலகை போடுங்கள். மலிவு என்று சாதா ரெசின் வாங்காதீர்கள், தண்ணீரில் அது ஐசோ அளவுக்குத் தாங்காது.

பலகையை அளவுக்கு வெட்டிய பிறகே ரெசின் பூச வேண்டும். 10 சதவீதம் ஸ்டைரீன் கலந்த ரெசினை ஆறு பக்கமும் பூசி, விளிம்புகளுக்கு மட்டும் இன்னொரு முறை கொடுங்கள், மரம் அங்கேதான் அதிகம் உறிஞ்சும். அடிப்பக்கம் ஒரு மேட் ஒட்டிக் காய்ந்ததும் சட்டங்களின் மேல் ரெசின் பட்டி வைத்து உட்காரவைத்து, துருப்பிடிக்காத 316 ஸ்டீல் ஸ்குரூவால் 6 அங்குலத்துக்கு ஒன்றாக இறுக்குங்கள். பக்கச் சுவரை முட்டாமல் 5 மி.மீ. இடைவெளி விட்டு, அதைப் பட்டியால் உருட்டாக நிரப்புங்கள். முட்டிய பலகை அலையடியில் சுவரையே விரிசல் விடவைக்கும். அதன்மேல் சுவருக்கு ஏறும்படி 4, 6, 8 அங்குல மேட் பட்டைகள். பிறகு தளம் முழுக்க மேட், ரோவிங், மேட்.

வெயில் காலத்தில் கிலோ ரெசினுக்கு 10 மில்லி ஹார்ட்னர் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) போதும். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள், வாளியிலேயே இறுகிவிடும். இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் உடனே 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகு கலந்த ரெசின் போடுங்கள், இல்லாவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். நடு அடுக்கில் மெழுகு வந்தால் அடுத்த அடுக்கு ஒட்டாது. வழுக்காமல் இருக்க, ஈரமாக இருக்கும்போதே உப்பில்லாத உலர்ந்த மணலைத் தூவலாம்.

ஐஸ் பெட்டிக்கு மறுபடி துளை போடும்போது 12 மி.மீ. அளவில் துளைத்து, பட்டியால் அடைத்து, இறுகிய பிறகு அதன் நடுவில் 6 மி.மீ. துளை போடுங்கள். அப்போது ஸ்குரூ மரத்தைத் தொடாது. பெட்டியின் வடிகாலில் ஓஸ் மாட்டி, உருகும் தண்ணீர் தளத்தில் விழாமல் நேராக வெளியே போகும்படி செய்யுங்கள்.