உதட்டுக் கொப்புளம்: தினசரி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு வயது 36. தினமும் விடியக்காலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி, மேலே ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். ஏழெட்டு வருஷமாக உதட்டோரம் சின்னச் சின்னக் கொப்புளமாக வந்து, உடைந்து, பொருக்குத் தட்டி ஆறும். ஜீப்பில் வருகிற பெண்கள் "பல்லி எச்சம் பட்டிருக்கு" என்பார்கள். அம்மா அக்கி என்று சொல்லி காவி பூசச் சொல்வார். சித்திரையில் வீரபாண்டியில் அக்கினிச்சட்டி எடுத்தால் மூன்றாம் நாள் கட்டாயம் வந்துவிடும். 2 வருஷத்துக்கு முன் ஒரே வருஷத்தில் 8 தடவை வந்தது. கட்டப்பனையில் ஒரு தோல் டாக்டர் வலாசைக்ளோவிர் 500 மில்லிகிராம் தினம் ஒன்று போடச் சொன்னார். 14 மாதமாகப் போடுகிறேன். போன சித்திரையில் லேசாக ஒரு தடவை வந்ததோடு சரி. இப்போது வீட்டுக்காரர், "கிட்னி போயிடும், நிறுத்து" என்கிறார். நிறுத்தினால் திரும்ப வருமோ என்று பயம். ஆவணியில் என் தங்கைக்குப் பிரசவம், குழந்தைக்கு நான்தான் சேனை (பிறந்ததும் நாக்கில் தடவும் இனிப்புத் தண்ணீர்) வைக்க வேண்டுமாம். என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம், கம்பம்)

பதில்: நானும் உங்கள் கட்சிதான். மேற்படிப்புக் காலத்தில் பரீட்சைக்கு முதல்நாள் இரவு தவறாமல் உதடு குறுகுறுக்கும். இதே போன்ற மாத்திரையை ஒரு வருஷம் போட்டு நிறுத்தியவள் நான். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

பல்லியை முதலில் விட்டுவிடுங்கள், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அக்கி என்று நம் ஊரில் சொல்வது சின்னம்மை வைரஸ் பின்னாளில் விழித்துக்கொண்டு வருவது. உங்களுடையது அதே குடும்பத்து வேறு வைரஸ், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். உலகத்தில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பேர் உடம்பில் இது இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலும் சின்ன வயதில், யாரோ ஆசையாகக் கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வந்த வைரஸ் வெளியேறுவதில்லை. காதுக்கு முன்புறம், மண்டையோட்டுக்குள் இருக்கிற நரம்பு முடிச்சில் போய்த் தூங்கும். காய்ச்சல், மன உளைச்சல், மாதவிலக்கு, வெயில் என்று ஏதாவது எழுப்பிவிட்டால் நரம்பு வழியாக உதட்டுக்கு வரும். மாத்திரை, வைரஸ் பெருகுகிற வேலையை மட்டும்தான் தடுக்கிறது. தூங்குகிற வைரஸை அதால் தொட முடியாது. அதனால் 14 மாதம் போட்டாலும் 14 வருஷம் போட்டாலும் நோய் 'தீர்ந்தது' என்று ஆகாது. அதே சமயம், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும் என்பதும் இல்லை.

கிட்னி விஷயத்துக்கு வருவோம். இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறுகிறது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், அது உண்மை. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குத் தினம் 500 மில்லிகிராம் கெடுதல் செய்வது அரிது. இதன் தாய் மருந்தான அசைக்ளோவிர், வைரஸிடம் இருக்கிற ஒரு நொதி தொட்டால்தான் வேலை செய்யத் தொடங்கும். நம் செல்லில் அந்த நொதி இல்லாததால் நம்மை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. இந்த மருந்தை உருவாக்கிய குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்குக் கவலை மாத்திரையைப் பற்றி இல்லை, உங்கள் தண்ணீர் பாட்டிலைப் பற்றி. தோட்டத்துக்குப் போகிற பெண்கள் என்னிடம் வரும்போது நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். மேலே கக்கூஸ் வசதி இல்லை என்று காலையில் ஜீப் ஏறினால் சாயங்காலம் கீழே இறங்குகிற வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. இடுப்பு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரை வேறு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை. நீங்களும் இப்படியென்றால், உங்கள் வீட்டுக்காரரின் பயத்தில் பாதி நியாயம் உண்டு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒரு தடவை செய்துவிடுங்கள். அந்தச் சீட்டை அவரிடமே காட்டலாம்.

சரி, நிறுத்துவதா, வேண்டாமா? வருஷத்துக்கு 6 தடவை அல்லது அதற்கு மேல் வருகிறவர்களுக்குத்தான் பொதுவாகத் தினசரி மாத்திரை. 8 தடவை வந்த உங்களுக்கு அந்த டாக்டர் கொடுத்தது சரிதான். ஆனால் அது ஆயுளுக்கும் எழுதிக்கொடுத்த சீட்டு இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வயது ஏற ஏற பலருக்கு வருகை தானாகவே குறைந்துவிடும். மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் அது தெரியவே தெரியாது. கண்ணில் எப்போதாவது இந்த வைரஸ் வந்து கருவிழியில் புண்ணானது என்றால் மட்டும் கண் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அப்படி வந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது. ஒரு வருஷம் அசைக்ளோவிர் போட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 32 சதவீதம் பேருக்கும் கண்ணில் திரும்ப வந்தது.

கண்ணில் வந்ததில்லை என்றால் நிறுத்திப் பாருங்கள் என்பதே என் கட்சி. ஆனால் இப்போது வேண்டாம். சித்திரையில் சட்டி எடுக்கும் வரை போடுங்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்து மலை மூடிக்கொண்டதும் நிறுத்துங்கள். மலையில் வெயில் உறைக்காது என்று ஏமாந்துவிடக் கூடாது. 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஏலக்காய்ச் செடி நிழலில் நிற்கிறது, எடை போடுகிற களத்தில் நிற்கிற உங்களுக்கு ஏது நிழல்? வெயிலைத் தடுக்கிற, எஸ்.பி.எஃப். 30 என்று போட்ட லிப் பாம் ஒன்று பையில் இருக்கட்டும்.

படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை, ஒரு நாள் நிறுத்திவிடலாம். மருந்து எழுதிய டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் நிறுத்திய மூன்றாம் வாரமே எனக்கு ஒன்று வந்தது. அடடா என்று திரும்ப ஆரம்பிக்கப் போனவள், பொறுத்தேன். அடுத்த 5 மாதம் ஒன்றுமில்லை. ஆகவே முதல் கொப்புளத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தோட்டத்துக் கணக்கோடு இதற்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு எழுதுங்கள்.

வந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி உண்டு. உதடு குறுகுறுத்ததுமே, கொப்புளம் கிளம்பும் முன், 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. 12 மணி நேரம் கழித்து இன்னொரு நான்கு. அவ்வளவுதான். சிறுநீரகம் சரியாக இருக்கிறவர்களுக்குத்தான் இந்த அளவு. அதனால்தான் கிரியாட்டினின் முதலில் என்றேன். ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக ஆறும், பெரிய அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். எட்டு மாத்திரையும் பையிலேயே இருக்கட்டும், கம்பத்தில் இறங்கி மெடிக்கலுக்குப் போவதற்குள் நேரம் தவறிவிடும். இரண்டே மாதத்தில் மூன்று நான்கு தடவை வந்தால் தினசரி மாத்திரைக்கே திரும்பலாம், அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

தங்கை குழந்தை விஷயத்தில் மட்டும் நான் கறார். பிறந்த முதல் சில வாரங்களில் இந்த வைரஸ் குழந்தையின் மூளை வரைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. கொப்புளம் இருந்தால் பொருக்கு உதிரும்வரை குழந்தையைக் கொஞ்ச வேண்டாம். மாஸ்க், கை கழுவுதல் எல்லாம் கட்டாயம். கொப்புளம் இல்லாதபோதும், நீங்கள் மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும், வாயில், முகத்தில் முத்தம் வேண்டாம். மாத்திரை போட்டாலும் எச்சிலில் வைரஸ் வருவது குறையுமே தவிர நிற்காது. சேனையை யார் வைத்தாலும் நான் தடுப்பேன், தாய்ப்பாலைத் தவிர அந்த வாய்க்குள் எதுவும் போகக் கூடாது. அத்தைமார் கோபித்தால் டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போடுங்கள். உங்கள் பங்குக்குத் தொட்டிலுக்குச் சேலை கொண்டு போங்கள்.