இரண்டு மலையேற்றங்களுக்கு நடுவில் இருக்கும் மாதங்களை எப்படிக் கழிக்கிறீர்கள்?

ஆண்டுக்கு ஒருமுறை இமயமலைக்குப் போகிறவர்கள் மீதி மாதங்களில் என்ன செய்வார்கள், சேர்த்த உடல் வலு போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு போகத்தான் செய்யும். அதைப் பிடித்து வைக்க நான் மெனக்கெடுவதில்லை.

நான் சென்னைவாசி. திரும்பி வந்த முதல் சில வாரங்கள் சாப்பாடும் தூக்கமும்தான். கால் பெருவிரல் நகம் கருத்திருக்கும், மாடிப்படி இறங்கும்போது முழங்கால் முனகும், பசியோ அடங்காது. இந்த நிலையிலும் மறுநாளே ஓடக் கிளம்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு வாதாடுவதை விட்டுவிட்டேன்.

ஓய்வு உடம்புக்குத்தான், சாமான்களுக்கு இல்லை. சென்னையின் ஈரக்காற்று அவற்றைச் சும்மா விடாது. இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக்கை அதன் சின்ன உறைக்குள் திணித்தே வைத்திருந்தால் இறகு நசுங்கிப் பழையபடி உப்பாது. உப்பாத இறகில் சூடு தங்காது. நன்றாக உலர்த்தி, பழைய வேட்டியில் தளர்வாக மூட்டை கட்டி அலமாரிக்கு மேல் போட்டுவிடுவேன். தலையில் மாட்டும் விளக்கின் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பலரும் கவனிக்காதது ஷூ. பல மலையேற்ற ஷூக்களின் அடிப்பாகத்தில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரை இருக்கும். அது ஈரத்தோடு வினைபுரிந்து மெல்லச் சிதைந்துகொண்டே வரும். பெட்டிக்குள் பல வருடம் புதிதுபோல் கிடந்த ஷூ, மலையில் இரண்டாம் நாளே அடி கழன்று வாயைப் பிளக்கும். அதனால் என் ஷூ காய்கறி வாங்கவும் என்னோடு வரும்.

பயணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது பயிற்சி தொடங்கும். திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு ஏறுவேன். உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கினால் முழங்காலுக்கு நல்லது என்பார்கள். தொடக்கத்தில் அது சரி. கடைசி வாரங்களில் சுமையோடுதான் இறங்குகிறேன். மலையில் தொடையைப் பிழிவது இறக்கம்தான். பிப்ரவரி முதல் மே வரை வழி திறந்திருக்கும்போது வெள்ளியங்கிரிக்கு ஒருமுறை போய்வந்தால் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் தென்துருவத்தை முதன்முதலில் எட்டிய நார்வேக்காரர் அமுண்ட்சென்னின் குழுவைச் சொல்வேன். 1911இல் அண்டார்க்டிகாவில் நான்கு மாதம் சூரியனே இல்லாத குளிர்காலம் முழுக்க அவர்கள் சறுக்குவண்டிகளை இழைத்து எடை குறைத்தார்கள், பெட்டிகளைச் செதுக்கினார்கள், காலணிகளைப் பிரித்துத் தைத்தார்கள். அப்படிப்பட்டவர்களே பொறுக்க முடியாமல் செப்டம்பரில் கிளம்பி, கடுங்குளிரில் சிலருக்குக் குதிகால் உறைந்துபோய்த் திரும்பினார்கள். அக்டோபரில் மறுபடி புறப்பட்டுத்தான் டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை அடைந்தார்கள்.

ஒன்றை மட்டும் இங்கிருந்து தயார்செய்யவே முடியாது: உயரத்தை. போன பயணத்தில் உயரத்தின் குறைந்த ஆக்சிஜனுக்கு உடம்பு பழகிய பழக்கமெல்லாம் சில வாரங்களில் கலைந்துவிடும். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். லடாக்கில் உள்ள லே விமான நிலையமே அதைவிட உயரத்தில் இருக்கிறது. மூச்சை அடைக்கும் முகமூடி மாட்டிக்கொண்டு கடற்கரையில் ஓடுவது வீண் செலவு. அது மூச்சு இழுப்பதைக் கடினமாக்குமே தவிர, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குறைக்காது. 3000 மீட்டரைத் தாண்டியபின் இரவு தங்குமிடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருநாள் அதே உயரத்தில் தங்குவதுதான் வழி. இதற்கு நாள் வேண்டும். ஆகவே பயணத் திட்டம் போடும்போதே இரண்டு நாள் கூடுதலாக விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன். அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கும் திட்டத்தை எந்தக் குழு காட்டினாலும், கட்டணம் எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் சேர்வதில்லை.