ஒர்க்ஷீட் சந்தேகங்கள்: இந்த வாட்டி வந்த கேள்விகள்

வந்ததுல பாதி கேள்வில குழந்தையோட வயசே இல்ல. "பையனுக்கு நல்ல ஒர்க்ஷீட் சொல்லுங்க"ன்னு ஒரு வரி. மூணு வயசுக்கும் அஞ்சு வயசுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், நான் எதைன்னு சொல்றது? வயசு எழுதுனவங்களுக்கு மட்டும் பதில்.

மூணரை வயசு. தினம் எத்தனை ஷீட் குடுக்கலாம்?

ஒண்ணு. அதுவும் அவனா கேட்டா. அஞ்சு நிமிஷம் போதும், பாதில எழுந்து ஓடுனா விட்டுடுங்க.

ஸ்கேல் வெச்சு அளக்கற ஷீட்ல 5 சென்டிமீட்டர்னு போட்ட பென்சில் படம், அளந்தா 4.7 தான் வருது. ஷீட் தப்பா? (6 வயசு)

ஷீட் சரி, பிரிண்டர் செட்டிங்ல 'ஃபிட் டு பேஜ்' ஆன்ல இருக்கும், 'ஆக்சுவல் சைஸ்'னு மாத்துங்க. நெட்ல கிடைக்கறதுல நிறைய 'லெட்டர்'ங்கற அமெரிக்க பேப்பர் சைஸ், அது நம்ம ஏ4-ஐ விட கொஞ்சம் அகலம், நீளம் கம்மி, அதனால பிரிண்டர் தானாவே சுருக்கிடும். மத்த ஷீட்டுக்குப் பரவால்ல, அளக்கறதுக்கு ஆகாது. பிரிவ்யூ பாக்காம பிரிண்ட் குடுக்காதீங்க.

நாலே முக்கால் வயசு பொண்ணு, புள்ளி வெச்ச எழுத்து ட்ரேசிங் தினம் ரெண்டு பக்கம் அழகா போடறா, போட்டோ அனுப்பிருக்கேன். வெறும் பேப்பர்ல 'ப' எழுதச் சொன்னா முழிக்கறா. ஏன்?

முடிச்ச ஷீட்டோட போட்டோ அனுப்பாதீங்கன்னு எத்தனை வாட்டிதான் சொல்றது! அதுல எனக்கு ஒண்ணும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 'ப'ன்னா மேலேருந்து கீழ, அப்படியே வலது பக்கம், திரும்ப மேல, கை எடுக்காம வரணும். உங்க பொண்ணு வலது கோட்டுல ஆரம்பிச்சிருக்கலாம், மூணு தனிக் கோடா போட்டிருக்கலாம், கடைசில ஷீட்ல தெரியறது அதே 'ப' தான். அதனால ஷீட்டைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க, பக்கத்துல உக்காந்து பென்சில் எங்க தொடங்குதுன்னு பாருங்க.

இன்னொண்ணு, புள்ளி. குழந்தை எழுத்தைப் பாக்கறதில்ல, அடுத்த புள்ளிய பாக்குது. நின்னு நின்னு போகுது, உருவம் மனசுல பதியவே இல்ல. புள்ளி எடுத்துட்டா கை எங்க போகும்? முழிக்கத்தான் செய்யும். பெருசா, வெளிர் சாம்பல்ல ஒரே ஒரு எழுத்து இருக்கற ஷீட்டா எடுங்க, தொடங்கற இடத்துல நீங்களே பச்சைப் பொட்டு வைங்க. முதல்ல விரலால ரெண்டு மூணு தடவை, அப்புறம் பென்சில், உடனே பக்கத்துல வெத்து இடத்துல பாக்காம ஒண்ணு. அவ்வளவுதான், மூணு எழுதுனா போதும். ஒரு வரிக்கு பத்து போடச் சொன்னா அஞ்சாவதுலேருந்து மாதிரிய விட்டுட்டு தான் எழுதுன கோணலையே பாத்து எழுதும், பத்தாவது வேற எழுத்தாயிடும். பக்கம் பக்கமா ட்ரேசிங் விக்கறவங்களுக்கு பக்கம் ரொம்பறதுதான் கணக்கு.

100 வரைக்கும் சொல்றான், ஆனா படத்தை எண்ணி வட்டம் போடற ஷீட்ல தப்புத் தப்பா போடறான். (4 வயசு)

ஒப்பிக்கறது வேற, எண்றது வேற. ஏழு பட்டன் குடுங்க, எண்ணி முடிச்சதும் "மொத்தம் எத்தனை?"ன்னு கேளுங்க. "ஏழு"ன்னு சொல்லாம மறுபடி ஒண்ணுலேருந்து எண்ண ஆரம்பிச்சா ஷீட்டை எடுத்து உள்ள வைங்க, பட்டனே போதும். சொல்லிட்டான்னா ஷீட் குடுக்கலாம், ஆனா படத்தை நகத்தி வைக்க முடியாதில்ல, அதனால எண்ண எண்ண ஒவ்வொரு படத்து மேலயும் ஒரு கோடு போடச் சொல்லுங்க.

இடது கை. எழுதும்போது மாதிரி எழுத்து மறைஞ்சிடுது. (5 வயசு)

மாதிரி இடது ஓரத்துல இருக்கும், கை அது மேலயே போய் உக்காரும். வலது ஓரத்துலயும் நீங்களே ஒண்ணு எழுதிக் குடுங்க. பேப்பரோட மேல் பக்கம் வலது பக்கமா சாஞ்சிருக்கட்டும். கைய மட்டும் மாத்தாதீங்க.

3-ஐ திருப்பிப் போடறா, டாக்டர்கிட்ட போகணுமா? (5 வயசு)

வேண்டாம். ஏழு வயசு வரைக்கும் சகஜம்.

லேமினேட் பண்ணா திரும்பத் திரும்ப எழுதலாமே? (4 வயசு)

வழி கண்டுபிடிக்கறது, ஜோடி சேக்கறதுக்கெல்லாம் பண்ணுங்க. எழுத்துக்கு வேண்டாம், மார்க்கர் வழுக்கிட்டு ஓடும், பேப்பர்ல பென்சில் உரசற பிடிப்பு கைக்குக் கிடைக்காது. பிளாஸ்டிக் கவர்ல சொருகுனாலே வேலை முடிஞ்சது. அன்னிக்கே துடைச்சிடுங்க, நாலு நாள் விட்டா கறை போகாது.