ஹால் புக்கிங்கை ரத்து செய்துவிட்டார்கள்: ரோமா அல்லாத நான் வழக்குப் போடலாமா?

கேள்வி: ஷெஃபீல்டில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடையில் நாலு வருடமாக வேலை பார்க்கும் அக்கா, ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ரோமா (ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக வாழும் ஒரு சிறுபான்மை இனம்). மகள் கல்யாணத்துக்கு ஹால் தேடினார். அவருக்கு இங்கிலீஷ் தடுமாறும் என்பதால் நானே போய்ப் பார்த்து, என் பெயரில் புக் செய்து, என் கார்டில் 300 பவுண்ட் டெபாசிட் கட்டினேன். அடுத்த வாரம் அவர்கள் குடும்பத்தோடு ஹாலைப் பார்க்கப் போனோம். மறுநாளே மேனேஜர் போன் செய்து, "இந்த ஆட்களுக்கு நாங்கள் கொடுப்பதில்லை" என்று சொல்லி ரத்து செய்துவிட்டார். 400 பவுண்ட் கொடுத்தால் கேஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். நான் ரோமா இல்லையே, இதில் எனக்குப் பேச உரிமை உண்டா? எனக்கே சிக்கல் வருமா?

பதில்: உரிமை உண்டு. சிக்கல் வராது. 400 பவுண்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் அதில்தான். இங்கிலாந்தில் இன்னொருவருக்காக வழக்கை நடத்தித் தர எல்லோருக்கும் அனுமதி கிடையாது. உரிமம் இல்லாமல் அந்த வேலையைச் செய்வதே குற்றம். ஒருவர் சொலிசிட்டரா, அதாவது வழக்கு நடத்த உரிமம் பெற்ற வக்கீலா, இல்லையா என்பதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதிவேடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. போன வருடம் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. ஓர் ஏஜென்டிடம் 600 பவுண்ட் கொடுத்துவிட்டு, "கோர்ட்டில் போட்டாச்சு" என்ற வார்த்தையை நம்பி இருந்திருக்கிறார்கள். அவர் கொடுத்த பழுப்புக் கவரைப் பிரித்தேன். உள்ளே இருந்தது ஒரு ஆன்லைன் மனுவின் பிரின்ட் அவுட், அடியில் 212 கையெழுத்து. கோர்ட் முத்திரையும் இல்லை, வழக்கு எண்ணும் இல்லை. அப்போது சம்பவம் நடந்து ஏழாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு மாதம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடை, ஹால், ஹோட்டல் போன்ற சேவைகளில் பாகுபாடு நடந்தால் கவுன்டி கோர்ட்டுக்கு (சிவில் வழக்குகளுக்கான உள்ளூர் கோர்ட்) போக ஆறு மாதம்தான், அதிலும் ஒரு நாள் குறைவு. மேனேஜர் மார்ச் 10-ஆம் தேதி போன் செய்தார் என்றால், செப்டம்பர் 9-க்குள் உங்கள் படிவம் கோர்ட்டில் இருக்க வேண்டும். ஹாலுக்குப் புகார் எழுதினேன், பதில் வரவில்லை என்று காத்திருந்தாலும் கெடு ஓடும். போலீசில் சொல்லியிருந்தாலும் ஓடும். எம்.பி.யைப் பார்த்தாலும் ஓடும். நீதிபதி நினைத்தால் நீட்டித் தரலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், இனத்தின் காரணமாக உங்களை மோசமாக நடத்தினார்களா என்றுதான் கேட்கிறது. அந்த இனம் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. புக்கிங் உங்கள் பெயரில், பணம் உங்களுடையது, ரத்தானது அக்கா ரோமா என்பதால். ஆகவே நீங்களும் வாதி, அவரும் வாதி. இரண்டு பெயரிலும் போடுங்கள்.

பல்கேரியாவில் துப்னிட்சா என்று ஓர் ஊர். அங்கே ரோமா மக்கள் அதிகம் வாழும் பேட்டையில் மட்டும் மின்சாரக் கம்பெனி மீட்டர்களைக் கம்பத்தின் மேல் ஆறு ஏழு மீட்டர் உயரத்தில் மாட்டியது. மற்ற இடங்களில் 1.70 மீட்டர், அதாவது ஆள் உயரம். திருடுவார்கள் என்ற சந்தேகம்தான் காரணம். அந்தப் பேட்டையில் ஒரு பெண் மளிகைக் கடை வைத்திருந்தார், உங்களைப் போலவே. அவர் ரோமா இல்லை. ஆனால் கரன்ட் பில் கூடுதலாக வருகிறது என்று சரிபார்க்கப் போனால், தலைக்கு மேல் ஆறு மீட்டரில் மீட்டர். கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தாலும் எண் தெரியாது. அவர்தான் புகார் கொடுத்தார். ரோமா மேல் இருக்கும் வெறுப்பால் அடிபடும் பக்கத்துக் கடைக்காரரும் நியாயம் கேட்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2015 ஜூலையில் சொன்னது. பிரிட்டன் அந்த ஒன்றியத்தை விட்டு வந்துவிட்டதே என்பீர்கள். அந்தக் கருத்தை 2024 ஜனவரியிலிருந்து இங்குள்ள சட்டத்திலேயே எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.

"ரோமா என்பதெல்லாம் ஓர் இனமா, நாடோடி வாழ்க்கைதானே" என்று ஹால்காரரின் வக்கீல் ஆரம்பிக்கலாம். கிழக்கு லண்டன் ஹாக்னியில் ஒரு பப் வாசலில் "டிராவலர்களுக்கு (ஊர் ஊராக நகர்ந்து வாழ்பவர்களுக்கு) அனுமதி இல்லை" என்று போர்டு வைத்த வழக்கில், ரோமானி ஜிப்ஸிகள் தனி இனக்குழு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988-இலேயே சொல்லிவிட்டது. (நாமும் தமிழில் வாய்க்கு வந்தபடி ஜிப்ஸி, நாடோடி என்று எழுதுகிறோம். உங்கள் அக்கா செங்கல் வீட்டில் வாடகை கட்டிக் குடியிருப்பவர். ஸ்லோவாக்கிய ரோமா பலருக்கு ஜிப்ஸி என்ற சொல் வசவு.)

எல்லாம் போனில் நடந்ததால் சாட்சி இல்லையே என்று கவலை வரும். இன்றைக்கே ஹாலுக்கு ஒரு ஈமெயில் போடுங்கள்: இந்தத் தேதி, இந்த நேரம், நீங்கள் சொன்னது இது, நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் உண்மையான காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள். திட்ட வேண்டாம், நாலு வரி போதும். அப்புறம் ஆங்கிலப் பெயருள்ள நண்பர் ஒருவரை, அதே தேதிக்கு ஹால் காலியா என்று ஈமெயிலில் கேட்கச் சொல்லுங்கள். "காலியாக இருக்கிறது" என்று பதில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று கோர்ட் நினைக்கும் அளவுக்கு நீங்கள் காட்டினால் போதும். அதற்குமேல், பாகுபாடு நடக்கவில்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. உங்களைப் பற்றி அவர்களிடம் இருக்கும் ஈமெயில், குறிப்பு எல்லாவற்றையும் தரச் சொல்லித் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கேளுங்கள். கட்டணம் கிடையாது, வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். ஆட்கள் எதை எழுதி வைப்பார்கள் என்பது ஆச்சரியம்தான். பான்டின்ஸ் என்ற விடுமுறை முகாம் நிறுவனம், ஐரிஷ் டிராவலர்களை (அயர்லாந்து வழிவந்த நாடோடிச் சமூகத்தினர்) உள்ளே விடாமல் இருக்க மர்ஃபி, ஓ'பிரையன் போன்ற 40 குடும்பப் பெயர்களைப் பட்டியலே போட்டு ஊழியர்களிடம் கொடுத்திருந்தது. அது 2021-இல் வெளியே வந்தது. சட்டத்தை மீறினார்கள் என்று, சமத்துவச் சட்டத்தைக் கண்காணிக்கும் சமத்துவ ஆணையம் அறிக்கை கொடுக்க 2024 பிப்ரவரி ஆயிற்று. மூன்று வருடம்! பட்டியல் கையில் இருந்தும்.

அதனால் ஆணையம் உங்களுக்காக வந்து நிற்கும் என்று நினைக்காதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அலுவலகத்துக்கோ உங்கள் பகுதி லா சென்டர் என்ற சட்ட உதவி மையத்துக்கோ போங்கள், இலவசம். பாகுபாட்டு வழக்குகளுக்கு அரசு சட்ட உதவி இன்னும் இருக்கிறது, வருமானத்தைப் பார்ப்பார்கள். அக்காவுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். கோர்ட் கட்டணத்திலும் சலுகை கேட்கலாம். தேதி கிடைக்க ஒரு வருடம் ஆனாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஓர் ஏழைப் பெண் "எனக்கு ஹால் தரவில்லை" என்று சொல்ல இவ்வளவு படி ஏற வேண்டியிருக்கிறது.

பயம் பற்றிக் கேட்டீர்கள். இப்படி ஒரு புகாருக்குத் துணை நிற்பவரைப் பழிவாங்கினால் அது அதே சட்டத்தில் தனிக் குற்றச்சாட்டு. உங்கள் கடைக்குச் சரக்கு போடுபவர் ஹால்காரரின் மச்சானாகவே இருந்தாலும் சரி.

இன்னொன்று. சில நாளில் ஹாலிலிருந்து 300 பவுண்டைத் திருப்பித் தருகிறோம் என்று ஒரு பேப்பர் வரும். அதில் "இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் தானாக அக்கவுன்டுக்கு வந்தால் வரட்டும். "டெபாசிட் மட்டும் பெற்றுக்கொண்டேன், புகார் தொடர்கிறது" என்று ஒரு வரி பதில் போடுங்கள். கல்யாணத்துக்கு வேறு ஹாலை உடனே பிடியுங்கள். அது 200 பவுண்ட் கூடுதலாக இருந்தால் ரசீதை வைத்திருங்கள், அதையும் சேர்த்துக் கேட்கலாம்.