வாசகர் கேள்வி பதில்: கப்பல் கட்டணத்துக்கு எத்தனை வருட உழைப்பு?

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): அமெரிக்காவில் 'பென்சில்வேனியா டச்சு' என்று ஒரு சமூகம் இருக்கிறதே, அவர்கள் ஹாலந்துக்காரர்களா?

பதில்: இல்லை, ஜெர்மானியர்கள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'டச்சு' என்ற சொல் ஹாலந்துக்காரர், ஜெர்மானியர் இரண்டு பேரையும் குறித்தது, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பழைய எளிய வாழ்க்கை முறையை விடாத கிறிஸ்தவப் பிரிவான ஆமிஷ் குடும்பங்களில் இன்றும் வீட்டுப் பேச்சு இவர்களுடைய ஜெர்மன்தான். பெரும்பாலும் ரைன் நதிக்கரையின் பலாட்டினேட் பகுதியில் இருந்து கொண்டுபோன வட்டார வழக்கு அது.

கேள்வி (கோவை வாசகி): 18ஆம் நூற்றாண்டில் சாதாரண விவசாயக் குடும்பங்கள் கூட அங்கே போயிருக்கின்றன. கப்பல் கட்டணத்துக்குப் பணம் ஏது?

பதில்: பணம் இல்லாமல்தான் நிறையப் பேர் கப்பல் ஏறினார்கள். போர், வரி, பஞ்சம் என்று ஊரில் இருக்க முடியாத நிலை. 1709இல் ஒரே கோடையில் சுமார் 13,000 பேர் லண்டனில் வந்து குவிந்தார்கள், அதற்கு முந்தைய குளிர்காலம் அவ்வளவு கொடியது, திராட்சைக் கொடிகள் எல்லாம் பட்டுப்போயின. அவர்களில் 3,000 பேர் அளவில் ஆங்கில அரசு நியூயார்க்குக்கு அனுப்பி, ஹட்சன் நதியோரம் கடற்படைக்குத் தார் காய்ச்ச வைத்தது. அது தோற்றுப்போய், 1712இல் பிழைப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கைவிட்டார்கள்.

அப்புறம் பென்சில்வேனியா பக்கம் பெருங்கூட்டமாகப் போனவர்களுக்கு வேறு ஏற்பாடு. ஊர் ஊராக ஏஜென்டுகள் வந்து ஆசை காட்டுவார்கள், தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கமிஷன். ரைன் நதி வழியே ஹாலந்தின் ராட்டர்டாம் துறைமுகம் வருவதற்குள் வழியெல்லாம் சுங்கச்சாவடி, கையில் இருந்ததும் கரைந்துவிடும். மிச்சக் கட்டணத்தைக் கடனாக எழுதிக்கொண்டு கப்பல் ஏற்றுவார்கள். பிலடெல்பியாவில் இறங்கியதும் உறவினர் யாராவது கடனைக் கட்டி மீட்க வேண்டும், இல்லையென்றால் அவர்களுடைய உழைப்பை விலைக்கு வாங்குகிறவர்கள் கப்பலுக்கே வந்து ஆளைப் பார்த்துப் பேரம் பேசுவார்கள். 1750இல் அங்கே போய், நாலு வருடம் கழித்துத் திரும்பிய மிட்டல்பெர்கர் என்ற பள்ளி ஆசிரியர் இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்: பெரியவர்களுக்கு 3 முதல் 6 வருட வேலை, பிள்ளைகளுக்கு 21 வயது வரை. பாதி வழிக்கு மேல் கணவன் இறந்துபோனால் அவனுடைய கட்டணத்தையும் சேர்த்து மனைவி உழைத்துத் தீர்க்க வேண்டும். பெற்றோர் தங்கள் கடனுக்காகப் பிள்ளைகளை வேறு வேறு வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அந்த இடத்தைச் சாதாரணமாகத் தாண்டிப்போக முடிவதில்லை.

ஆனால் இதை அடிமை முறையோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் இவர்களுக்கு விடுதலை, பலர் பிறகு சொந்த நிலமும் வாங்கினார்கள். ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்து வரப்பட்டவர்களுக்கு அந்த முடிவுநாளே கிடையாது. 1764இல் பிலடெல்பியாவில் ஏற்கெனவே காலூன்றிய ஜெர்மானியர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள், புதிதாக இறங்குகிறவர்களை இந்தக் கொடுமைகளில் இருந்து காப்பாற்றுவதற்காகவே.

கேள்வி (சென்னை வாசகர்): அடிமை முறைக்கு எதிராக அங்கே முதலில் குரல் கொடுத்தவர்கள் ஜெர்மானியர்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எழுத்தில் கிடைக்கிற முதல் கூட்டுக் கண்டனம் என்று சொன்னால் சரியாக இருக்கும். 1683 அக்டோபரில் ஜெர்மனியின் க்ரேஃபெல்ட் ஊரில் இருந்து 13 குடும்பங்கள் வந்து பிலடெல்பியா பக்கத்தில் ஜெர்மன்டவுனை உண்டாக்கின, பலர் நெசவாளர்கள். 1688இல் அந்த ஊரின் நாலு பேர், வழக்கறிஞர் பாஸ்டோரியஸ் உட்பட, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபைக்கு ஒரு மனு எழுதினார்கள். நம்மை யாராவது இப்படிப் பிடித்து விற்றால் ஒத்துக்கொள்வோமா என்பதுதான் கேள்வி. கீழ்ச்சபை அதை மேல்சபைக்கு அனுப்ப, அங்கே இருந்து அதற்கும் மேலே போக, கடைசியில் கிடப்பில் போட்டார்கள். 1844இல்தான் அந்தத் தாள் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. தோற்றுப்போன மனுதான், ஆனாலும் வந்து ஐந்தே வருடம் ஆன ஊரில், அடிமைகளை வைத்திருந்த சக சபையாரிடமே இதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

கேள்வி (மதுரை வாசகர்): ஒரே ஒரு ஓட்டில் ஜெர்மன் மொழி அமெரிக்காவின் ஆட்சி மொழியாகாமல் போனது என்று எங்கள் குரூப்பில் வந்தது.

பதில்: அப்படி ஒரு ஓட்டெடுப்பு நடக்கவே இல்லை. வர்ஜீனியாவின் ஜெர்மானியர்கள் சட்டங்களை ஜெர்மனிலும் அச்சிட்டுத் தாருங்கள் என்று 1794இல் அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்டார்கள். அது பற்றிய விவாதத்தில், ஒத்திவைப்பு சம்பந்தமான ஒரு தீர்மானம் 42க்கு 41 என்று தோற்றது, அவ்வளவுதான். பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகராக இருந்த ஃப்ரெடரிக் ம்யூலன்பெர்க்கையும் பிற்பாடு இந்தக் கதைக்குள் இழுத்துவிட்டார்கள்.

கேள்வி (மயிலாடுதுறை வாசகி): தரங்கம்பாடி சீகன்பால்குவுக்கும் இந்தக் குடியேறிகளுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பதில்: நல்ல கேள்வி, நிச்சயம் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஜெர்மனியின் ஹாலே நகரம். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு படித்த இடம் அது. 1713இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகளை வார்த்து அனுப்பியதும் ஹாலேதான். அதே ஹாலே 1742இல் பென்சில்வேனியா லுத்தரன் சபைகளுக்கு ஒரு போதகரை அனுப்பியது. மேலே சொன்ன சபாநாயகரின் அப்பா, ஹென்ரி மெல்கியோர் ம்யூலன்பெர்க். 1731இல் சால்ஸ்பர்க் பேராயர் விரட்டியடித்த புராட்டஸ்டன்டுகளில் ஒரு பகுதியினர் 1734இல் ஜார்ஜியா போய் எபனேசர் என்ற ஊரை அமைத்தபோது, அவர்களோடு போன போதகர் போல்ட்சியஸும் ஹாலே பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அடிமைகளைக் கொண்டுவராதீர்கள் என்று போல்ட்சியஸ் வருடக்கணக்கில் எதிர்த்து எழுதினார். ஆனால் தோட்ட முதலாளிகளின் நெருக்குதல் வென்றது, கடைசியில் அவரும் விட்டுக்கொடுத்தார், 1751இல் ஜார்ஜியாவில் அடிமை முறைக்கு இருந்த தடை நீங்கியது.