கூரையே இல்லாத பழைய தேவாலயத்தைக் காப்பாற்ற யார் பணம் கொடுப்பார்கள்?

கொடுக்கிறார்கள், ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் உள்ள பழைய புனித மிக்கேல் பேராலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் கூரை எரிந்து விழுந்தது, கோபுரமும் வெளிச்சுவர்களும் மட்டும் தப்பின. பக்கத்திலேயே 1962-ல் புதிய பேராலயம் வந்துவிட்டதால், பழைய சுவருக்கு எதற்குச் செலவு என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

செலவு ஏன் ஓயாது என்றால், எஞ்சிய சுவர்களின் உட்புறம் மழையில் நனைவதற்காகக் கட்டப்பட்டது அல்ல. சுவரின் தலைப்பகுதியில் இறங்கும் தண்ணீர் சுண்ணாம்புச் சாந்தை அரிக்கிறது, குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது சிவப்பு மணற்கல் செதில் செதிலாக உதிர்கிறது.

2011-ல் இங்கே விரிசல் பெரிதாகத் தெரிந்தபோது, உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்தில் உள்ள சின்னங்களைச் சொல்லும் தனது 2012-ஆம் ஆண்டுக் கண்காணிப்புப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்தப் பட்டியல் நேரடியாகப் பணம் தருவதில்லைதான், ஆனால் நன்கொடை கேட்டுப் போகிறவர் கையில் அது பெரிய பலம். அப்புறம் லாட்டரி வருமானத்தில் இயங்கும் பாரம்பரிய நிதி இருக்கிறது. பொதுவாக அவர்கள் 'நீங்கள் எவ்வளவு திரட்டினீர்கள்?' என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அதனால் உள்ளூர்க்காரர்களின் சிறு தொகைதான் உண்மையில் முக்கியம் என்பேன். பிரிட்டனில் வரி கட்டுபவர் கிஃப்ட் எய்ட் படிவம் நிரப்பி 1 பவுண்டு கொடுத்தால் அரசு 25 பென்ஸ் சேர்க்கும்.

முதலில் பொறியாளரிடம் ஆய்வறிக்கை வாங்குங்கள், எந்தச் சுவருக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாமல் யாரிடமும் போகாதீர்கள்.