வாசகர் கேள்வி பதில்: சிஸ்டர் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஊரில் ஆர்.சி. நடுநிலைப் பள்ளியும் உண்டு, கான்வென்ட் மெட்ரிக் பள்ளியும் உண்டு. இரண்டையும் நடத்துவது சிஸ்டர்கள்தான். எட்டாம் வகுப்புவரை அங்கே படிப்பதால் என்ன நன்மை?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: நடத்துவது ஒரே சபை என்றாலும் பள்ளிகள் வேறு வேறு ரகம். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), டி.இ.எல்.சி. (தமிழ் லுத்தரன் திருச்சபை) என்ற பெயரில் இருக்கும் பழைய தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் பெரும்பாலும் அரசு உதவி பெறுபவை. நிர்வாகம் சபையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. அங்கே தமிழ்வழியில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடநூலும் மதிய உணவும் இலவசம். ஒன்று முதல் ஐந்துவரை காலை உணவும் இப்போது உண்டு. மெட்ரிக் பள்ளி சுயநிதி. எல்லாம் உங்கள் செலவு. உதவி பெறும் பள்ளியிலேயே ஆங்கிலவழிப் பிரிவு சுயநிதியாக நடந்தால் அதற்கும் கட்டணம் வரும். 'எய்டட் செக்‌ஷனா?' என்று கேட்டுவிட்டே படிவம் வாங்குங்கள்.

பின்னாளில் கிடைப்பதையும் கணக்கில் எடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டுவரை உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20% ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். ஆனால் மருத்துவப் படிப்பின் 7.5% உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்குத்தான். உதவி பெறும் பள்ளிக்கு அது கிடையாது. சேர்க்கை நேரத்தில் இதை யாரும் சொல்வதில்லை.

ஒழுக்கம், கையெழுத்து, பாட்டு, மேடைப் பேச்சு என்று இந்தப் பள்ளிகளுக்கு இருக்கும் நல்ல பெயர் பல இடங்களில் நியாயமானதே. ஆனாலும் பெயரை நம்பி மட்டும் சேர்க்காதீர்கள். தொடக்கப் பிரிவில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் விதி. பிள்ளைகள் குறைந்த பள்ளியில் ஐந்து வகுப்பையும் இருவரே பார்ப்பார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் அன்றைய பாடம் அவ்வளவுதான். எச்.எம்.மிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலியிடம் எத்தனை, அந்த இடத்துக்கு நிர்வாகம் தன் பணத்தில் ஆள் வைத்திருக்கிறதா. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் நிர்வாகத்தின் அக்கறை தெரியும்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். சிஸ்டர் பள்ளியில் வேதப் பாடம் (பைபிள்) கட்டாயமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. அரசமைப்புச் சட்டம் 28(3)-இன்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்க முடியாது. கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு (கிறிஸ்தவ மதப் பாடத்துக்கு) போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு வைப்பது பரவலான வழக்கம். காலை ஜெபம் மட்டும் பொதுவாக நடக்கலாம். அதில் உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் சேர்க்கும்போதே எழுதிக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது அடுத்த ஜூனில் வகுப்பாசிரியர் மாறும்போது மறந்துபோகும்.

கேள்வி: ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25% இலவச இடத்தில், கிறிஸ்தவப் பள்ளியில் சேர்க்க முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: சிறுபான்மைப் பள்ளி என்றால் முடியாது, 2014-இல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு விலக்கு அளித்தது. ஆனால் 'செயின்ட்' என்று பெயர் வைத்ததெல்லாம் சிறுபான்மைப் பள்ளி அல்ல, கிறிஸ்தவர் நடத்துவதும் அல்ல. உங்கள் பகுதிக்கான ஆர்.டி.இ. பட்டியலில் பெயர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கட்டிச் சேர்ப்பதானால், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று பாருங்கள். சிறுபான்மைச் சுயநிதிப் பள்ளியும் அதற்குக் கட்டுப்பட்டதே. கட்டுவதற்கெல்லாம் ரசீது வாங்குங்கள்.

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்தால் அதே சபையின் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு இடம் நிச்சயமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நிச்சயம் இல்லை. டி.சி. வாங்கிப் புதிதாகத்தான் சேர வேண்டும். முன்னுரிமை தருவது அந்தந்த நிர்வாகத்தின் விருப்பம். எட்டாம் வகுப்பு அரையாண்டு முடிந்ததுமே அந்தப் பள்ளி அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.